துபாய்ல குழந்தைகளோட மால் போறோமா? எங்க வீட்டு ஒரு வருஷக் கணக்கு

போன வீடியோவில் மாச பட்ஜெட் பத்திப் பேசும்போது "மால் செலவு"ன்னு ஒரு வரியைக் காட்டிட்டு வேகமா கடந்து போயிட்டேன். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி எங்க வீட்டில் ஒரு சின்னச் சண்டையும், ஒரு ரத்தான ஊர்ப் பயணமும் இருக்கு. வீடியோவில் சொல்ல நேரம் பத்தாது, அதனால இங்க விரிவா எழுதுறேன்.

நாங்க நாலு பேர். பெரியவளுக்கு 9 வயசு, சின்னவனுக்கு 5. அல் குசைஸ் பக்கம் ஒரு பெட்ரூம் வீடு. போன வருஷம் மே மாசம், ஜூலை லீவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் பார்த்தேன். திருச்சிக்கு நாலு பேருக்குப் போக வர 7,600 திர்ஹாம் காட்டுச்சு. "இந்த வருஷம் வேணாம், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு நான்தான் முடிவு பண்ணேன். திண்டுக்கல்ல இருந்து எங்கம்மா போன்ல "சரிப்பா, பிள்ளைங்களுக்கு வெயில்ல அலைச்சல் வேணாம்"னு சொல்லி வச்சுட்டாங்க. பெரியவ மட்டும் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா. அப்பத்தா வீட்டு மாடில தூங்கணும்ங்கிறது அவளோட ஒரு வருஷத் திட்டம்.

ஆகஸ்ட்ல ஒரு நாள் ராத்திரி சும்மா உட்கார்ந்து பேங்க் ஸ்டேட்மென்ட்டை எக்செல்ல இறக்கினேன். பன்னிரண்டு மாசம். மால் சம்பந்தப்பட்டதை மட்டும் மஞ்சள் கலர் அடிச்சேன். மளிகை, ஸ்கூல் ஷூ, யூனிஃபார்ம் மாதிரி எப்படியும் வாங்கியே ஆகணும்ங்கிற எதையும் சேர்க்கலை. சாப்பாடு 5,200. விளையாட்டு ஏரியா 3,650. "போன இடத்துல பார்த்தோம், வாங்கினோம்" வகை 3,900. பார்க்கிங், டாக்ஸி, சாலிக் எல்லாம் சேர்த்து 1,190. மொத்தம் 13,940 திர்ஹாம்.

டிக்கெட் விலையைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. என் மனைவிகிட்ட லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஏங்க, அப்ப காசு இல்லாம ஊருக்குப் போகாம இருக்கலை நாம"ன்னா. அதுக்கு மேல அன்னைக்கு ரெண்டு பேரும் பேசலை.

மால் போகாம இருக்க முடியுமா?

"மாலுக்கே போகாதீங்க"ன்னு சொல்ற வீடியோ நிறைய இருக்கு. ஊர்ல உட்கார்ந்து சொல்றது சுலபம். இங்க ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் வெளியே 40 டிகிரிக்கு மேல. சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட காத்து அடுப்புக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும். ஒரு பெட்ரூம் வீட்டில் அஞ்சு வயசுப் பையனை நாலு மாசம் அடைச்சு வைக்க முடியாது. ஊர்ல தெரு, கோயில், மொட்டை மாடி, மாமா வீடுன்னு நாலு இடம் செய்யற வேலையை இங்க மால் ஒண்ணே செய்யுது. நடக்க, ஓட, நாலு மனுஷங்களைப் பார்க்க ஏசி போட்ட ஒரே பெரிய இடம் அதுதான்.

அதனால மாலை நான் எதிரியா பார்க்கலை. தெருன்னு நினைச்சு உள்ளே போறோம். ஆனா அது கடை. அந்த வித்தியாசத்துக்குத்தான் வருஷம் 13,940 கட்டியிருக்கோம். 45 தடவை போயிருக்கோம், ஒரு தடவைக்கு சராசரி 310 திர்ஹாம். இதுல எந்த ஒரு பில்லும் பெருசு இல்லை. 22, 38, 65, 140. ஒண்ணைப் பார்த்தும் "ஐயோ"ன்னு தோணாது.

பெரிய தப்பு: 23-ஆல பெருக்குறது

இதை நாம எல்லாருமே பண்றோம். ஒரு திர்ஹாம் 23 ரூபாய்னு வச்சுக்குங்க. சின்னவன் ஐஸ்க்ரீம் கேட்டான், 18 திர்ஹாம். மனசுக்குள்ள உடனே 414 ரூபாய். "ஒரு ஐஸ்க்ரீம் 400 ரூபாயா? ஊர்ல இதுல ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கலாம்"னு மறுத்துட்டேன். அவன் அழுதான். இருபது நிமிஷம் கழிச்சு, அந்த அழுகைக்குப் பரிகாரமா, விளையாட்டு ஏரியாவில் 250 திர்ஹாமுக்கு கார்டு ரீசார்ஜ் பண்ணேன். அப்ப பெருக்கத் தோணலை, ஏன்னா ஏற்கனவே மனசுல ஒரு குற்ற உணர்ச்சி.

அன்னைக்குத் திரும்பி வரும்போது பெரியவ பின் சீட்ல இருந்து கேட்டா: "அப்பா, நம்மகிட்ட காசு இருக்கா, இல்லையா?"

கிண்டல் இல்லை, நிஜமாவே புரியாமத்தான் கேட்டா. 18-க்கு இல்லை, 250-க்கு இருக்கு. போன வாரம் பொம்மைக்கு இல்லை, அப்பாவோட ஷூவுக்கு இருந்துச்சு. அவளைப் பொறுத்தவரை பணம்ங்கிறது அப்பா மூடைப் பொறுத்து வர்றது, போறது. எத்தனை SIP வீடியோ போட்டு என்ன, வீட்டில் நான் சொல்லிக் கொடுத்தது இதுதான்.

பெருக்கல்ல இன்னொரு கோளாறும் இருக்கு. திர்ஹாம் டாலரோட கட்டப்பட்ட நாணயம், ஒரு டாலருக்கு 3.6725. ரூபாய் டாலருக்கு எதிரா சரிஞ்சா, நம்ம மனசுல அதே ஐஸ்க்ரீம் விலை ஏறும். ஆனா நம்ம சம்பளமும் திர்ஹாம்ல, ஐஸ்க்ரீமும் திர்ஹாம்ல. எதுவுமே மாறலை. ஊருக்கு அனுப்புற பணத்துக்கு ரூபாய்க் கணக்கு போடுங்க. இங்க செலவு பண்றதுக்கு நான் வேலை நேரக் கணக்கு போடுறேன். உதாரணத்துக்கு 8,000 திர்ஹாம் சம்பளம், மாசம் 26 நாள், தினம் 9 மணி நேரம்னா ஒரு மணி நேரத்துக்கு 34 திர்ஹாம் வருது. ஐஸ்க்ரீம் அரை மணி நேர உழைப்பு. தாராளமா வாங்கிக் கொடுக்கலாம். 250 திர்ஹாம் கார்டு ஏழு மணி நேரத்துக்கு மேல. 310 திர்ஹாம் மால் ட்ரிப் ஒரு முழு நாள் வேலை. இப்படிப் பார்த்தா எதை மறுக்கணும், எதை மறுக்கக் கூடாதுன்னு தானா தெரியுது.

காசு எங்கே ஒழுகுது

விளையாட்டு கார்டைத்தான் முதல்ல சொல்லணும். உள்ளே நுழைஞ்சதும் திர்ஹாம் காணாமப் போயிடும், எல்லாம் கார்டுல இருக்கிற பாயின்ட்தான். ஒவ்வொரு மெஷின்லயும் தேய்க்கும்போது பணம் போற உணர்வே குழந்தைக்கும் வராது, நமக்கும் வராது. "200 போட்டா 50 போனஸ்"னு போட்டிருப்பாங்க, நாம 100 போட வந்ததை மறந்துடுவோம். கடைசியில கார்டுல 6 மிஞ்சும், ஒரு ஆட்டத்துக்கு 8 வேணும். அந்த ரெண்டுக்காக இன்னொரு 50. இது தற்செயலா நடக்குதுன்னு நான் நம்பலை. அப்புறம் ஜெயிச்ச டிக்கெட்டை எல்லாம் சேர்த்துக் கவுன்ட்டர்ல கொடுத்தா ஒரு ரப்பரும் ஒரு விசிலும் கிடைக்கும். என் பையன் வச்சிருக்கிற விசிலோட அடக்க விலை ஏறக்குறைய 90 திர்ஹாம். அது இப்ப சோஃபாவுக்கு அடியில எங்கேயோ இருக்கு.

சின்னக் குழந்தைங்களுக்கு மணி நேரக் கணக்குல டிக்கெட் கொடுக்கிற இடம் மேல். ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம், உள்ளே போனதும் காசுப் பேச்சு முடிஞ்சுது. பல இடங்கள்ல வார நாள்ல ரேட் குறைவாவும் இருக்கும். போறதுக்கு முன்னாடி வெப்சைட்ல ஒரு தடவை பார்த்துடுங்க. கார்டு வாங்கித்தான் ஆகணும்னா பின்பக்கம் அச்சடிச்சிருக்கிற பொடி எழுத்தைப் படிங்க, எத்தனை மாசத்துல காலாவதி ஆகும்னு அங்கதான் இருக்கும்.

அடுத்தது ஃபுட் கோர்ட். நாலு பேர் நாலு கவுன்ட்டர்ல வாங்கினா 130-க்குக் குறையாது. நாங்க மத்தியானம் 12 மணிக்குக் கிளம்புவோம், அதனால சாப்பாடும் அங்கேயே, சாயங்கால ஸ்நாக்ஸும் அங்கேயே. நேரத்தை மாத்தினோம், அவ்வளவுதான். வீட்டில் சாப்பிட்டு, சின்னவனைக் கொஞ்சம் தூங்க வச்சு, நாலு மணிக்கு மேல கிளம்புறோம். திரும்பி வரும்போது பசிச்சா கராமாவில் தோசை. இல்லைன்னா நம்ம பில்டிங் கீழ இருக்கிற சேட்டன் கஃபடீரியாவில் ஒன்றரை, ரெண்டு திர்ஹாமுக்கு கரக் டீயும் பொரோட்டாவும்.

துபாய் ஷாப்பிங் ஃபெஸ்டிவல் 1996-ல இருந்து நடக்குது, கோடையில வர்ற சம்மர் சர்ப்ரைசஸ் 1998-ல இருந்து. இந்த மாதிரி சீசன்ல "இத்தனை திர்ஹாமுக்கு வாங்கினா ஒரு குலுக்கல் கூப்பன்"னு வைப்பாங்க. 200-க்கு கூப்பன்னா, பில் 163-ல நிக்கும், 37-க்கு தேவையில்லாத சாக்ஸ் வாங்குவோம். கார் விழும்னு. எங்க வீட்டு அலமாரியில சாக்ஸ்தான் நிறைய இருக்கு.

அப்புறம் நாலு தவணை. "வட்டி இல்லை"ங்கிறது சொன்ன தேதியில கட்டுற வரைக்கும் நிஜம்தான். ஆனா 400 திர்ஹாம் பொம்மை கண்ணுக்கு 100 மாதிரி தெரியுது பாருங்க, பிரச்சினை அங்கதான். இது மாதிரி மூணு வாங்கினா அடுத்த மாச சம்பளத்துல 300 ஏற்கனவே போயாச்சு. கிரெடிட் கார்டுல போட்டு மினிமம் பேமென்ட் மட்டும் கட்டுறவங்களுக்கு நிலைமை இன்னும் மோசம். இங்க பல கார்டுகளுக்கு மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி. கூட்டு வட்டியா கணக்குப் போட்டா வருஷத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். எந்த முதலீடும் அதை ஈடு கட்டாது.

இலவசமா மால் போகலாம், நிஜமாதான்

இதை வீடியோவில் சொன்னப்ப சிரிச்சீங்க. துபாய் மாலுக்கு மெட்ரோவில் போங்க. தூரத்தைப் பொறுத்து ஆளுக்கு 3, 5 அல்லது ஏழரை திர்ஹாம், 5 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்கு இலவசம். ஸ்டேஷன்ல இருந்து மால் வரைக்கும் ஏசி போட்ட நடைபாலம், முக்கால் கிலோமீட்டருக்கு மேல நீளம், நகரும் பாதையோட. சின்னவனுக்கு அதுவே ஒரு ரைடு. காரில் போனா 2024 ஜூலையில இருந்து அங்க சில பார்க்கிங்ல கட்டணம் உண்டு. வார நாள்ல முதல் 4 மணி நேரமும் வார இறுதியில 6 மணி நேரமும் இலவசம், அதுக்கு மேல 20 திர்ஹாம்ல இருந்து ஆரம்பிக்கும். உள்ளே அக்வேரியம் டிக்கெட் வாங்காமலே வெளிப்பக்கக் கண்ணாடி வழியா முழுத் தொட்டியையும் பார்க்கலாம். 1 கோடி லிட்டர் தண்ணி, சுறா, திருக்கை எல்லாம் தெரியும். ராத்திரி வெளியே ஃபவுன்டன், அதுக்கும் காசு இல்லை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இப்னு பதூதா மால். 2005-ல திறந்தது. 14-ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா போன நாடுகளை வச்சு ஆறு பகுதி: அந்தலூசியா, துனிசியா, எகிப்து, பாரசீகம், இந்தியா, சீனா. இந்தியப் பகுதியில அல்-ஜஸரியோட யானைக் கடிகாரம் பெருசா நிக்குது. சீனப் பகுதியில ஒரு முழு மரக்கப்பல். அந்தப் பயணி நம்ம மதுரைக்கும் வந்து போனவர், அங்க அப்ப சுல்தான் ஆட்சி. இதைச் சொன்னதும் பெரியவ "அப்பத்தா ஊர் பக்கத்துலயா?"ன்னு கேட்டா. ஒண்ணரை மணி நேரம் அந்த ஆறு பகுதியையும் நடந்தே பார்த்தோம். அன்னைக்குச் செலவு மெட்ரோவும் ஒரு ஜூஸும்.

இன்னொரு சின்ன உத்தி: காலையில போங்க. பெரும்பாலான கடைகள் 10 மணிக்குத்தான் திறக்கும். மால் கதவு அதுக்கு முன்னாடியே திறந்திருக்கும். 2025 ஆகஸ்ட்ல துபாய் அரசே "மாலத்தான்"னு பேர் வச்சு, காலை 7-ல இருந்து 10 வரைக்கும் பல மால்களை நடக்கிறதுக்காகத் திறந்து விட்டுச்சு. கடை மூடியிருக்கும்போது குழந்தை எதைக் கேட்கும்?

அல் ஜதாஃப்ல இருக்கிற முகமது பின் ராஷித் நூலகமும் ஏசிதான், பொது அனுமதி இலவசம், குழந்தைங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கு. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்னா மாலே வேணாம். சபீல் பார்க், அல் மம்சார்னு 5 திர்ஹாம் டிக்கெட்ல ஒரு நாள் முழுக்க இருக்கலாம், கூடவே புளிசாதம் கட்டிக்கிட்டு.

கவர்

எங்க வீட்டில் இப்ப இருக்கிற ஏற்பாடு இதுதான். மாசம் நாலு தடவை மால் போறோம். ரெண்டு தடவை செலவு ட்ரிப், ரெண்டு தடவை சும்மா ட்ரிப். எது எதுன்னு வீட்டு வாசல்ல செருப்பு போடுறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியும். சும்மா ட்ரிப்புக்கு 40 திர்ஹாம், மெட்ரோவும் ஜூஸும். செலவு ட்ரிப்புக்கு ஒரு கவர்ல 180 திர்ஹாம் பணமா போட்டு பெரியவ கையில கொடுத்துடுவேன். கார்டு வீட்டில். அவதான் கேஷியர். மிஞ்சினது வீட்டில் இருக்கிற பழைய பால் பவுடர் டப்பாவுக்குப் போகும். அதுக்குப் பேரு டிக்கெட் டப்பா.

முதல் தடவை நான் காபிக் கடைப் பக்கம் திரும்பினேன். "அப்பா, 22 திர்ஹாம். உங்களுக்குக் கண்டிப்பா வேணுமா?"ன்னு கேட்டா. வரிசையில நின்னவங்க திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் அந்தப் பழைய எக்செல்லைத் திறந்து பார்த்தேன். சாப்பாட்டுக் கணக்கு 5,200-ல கிட்டத்தட்ட 900 என்னோட காபி. குழந்தைங்களாலதான் செலவுன்னு ஒரு வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தது நான்.

இதுல முக்கியம், "இல்லை"ங்கிறதை நாம வீட்டிலேயே சொல்லிடுறோம். கடை முன்னாடி நின்னு சொல்றதில்லை. சின்னவன் இப்பவும் அழுவான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அக்கா கவரைத் திறந்து காட்டினா அவனுக்குப் புரியுது. "காசில்லை"ன்னு நாங்க சொல்றதில்லை, ஏன்னா அது பொய். "இன்னைக்குக் கவர்ல இவ்வளவுதான்"னு சொல்றோம். ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வந்தா இந்தக் கணக்கு செல்லாது. அதுக்குத் தனியா ஒரு தொகை ஒதுக்கிடுங்க. வந்தவங்க முன்னாடி கவரைப் பிரிச்சுக்கிட்டு நிக்காதீங்க.

மிச்சக் காசை என்ன பண்ணோம்?

முன்னாடி மாசம் சராசரி 1,162. இப்ப 440. ஏறக்குறைய 720 மிச்சம். இந்த இடத்துல SIP கால்குலேட்டரைத் திறந்து 12 வருஷத்துல எத்தனை லட்சம்னு காட்டுறதுதான் என் தொழில். ஆனா முதல்ல 630 திர்ஹாம் டிக்கெட்டுக்கு. வருஷத்துக்கு 7,560, நாலு டிக்கெட். இந்தப் பணத்தை NRE அக்கவுன்ட்டுக்கு அனுப்பாதீங்க. அங்க வட்டிக்கு வரி இல்லைங்கிறது சரிதான். ஆனா டிக்கெட் வாங்கப் போறது திர்ஹாம்ல. அனுப்பும்போது ஒரு ரேட், திரும்ப எடுக்கும்போது ஒரு ரேட், நடுவுல கமிஷன். இங்கேயே தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட், அதுக்கு டெபிட் கார்டு வாங்காம.

மீதி 90 திர்ஹாம், சுமார் 2,000 ரூபாய், சின்னவன் காலேஜுக்கு மாச SIP. வருஷத்துக்கு 10 சதவீதம் கிடைக்கும்னு வச்சுக்கிட்டா 12 வருஷத்துல ஏறக்குறைய 5 லட்சத்து 57 ஆயிரம், நாம போட்டது 2 லட்சத்து 88 ஆயிரம். கிடைக்கும்னு உத்தரவாதம் இல்லை, கணக்கு மட்டும்தான். இந்தத் தொகையில காலேஜ் முடியாதுன்னு எனக்கும் தெரியும்.

எல்லாம் சரியா நடந்துடலை. போன ஷாப்பிங் ஃபெஸ்டிவல் சமயத்துல ஒரே நாள்ல 640 போச்சு. கவரை வீட்டில் மறந்துட்டோம், கார்டு கையில இருந்துச்சு. சாக்ஸ் வாங்கலை, அது மட்டும் ஆறுதல். அடுத்த ரெண்டு செலவு ட்ரிப்பையும் சும்மா ட்ரிப்பா மாத்தினோம். பெரியவ ஒத்துக்கிட்டா, அவங்க அம்மாதான் ஒரு வாரம் முறைச்சாங்க.

டிக்கெட் பிப்ரவரியிலயே போட்டாச்சு. சீக்கிரம் போட்டதால நாலு பேருக்கு 6,900. ஜூலை முதல் வாரம் திருச்சி. டப்பாவில் தனியா 212 திர்ஹாம் சேர்ந்திருக்கு. அதுல அப்பத்தாவுக்கு என்ன வாங்கறதுன்னு அக்காவும் தம்பியும் இப்ப அடிச்சுக்கிறாங்க. ஒருத்தருக்கு ஃப்ளாஸ்க், இன்னொருத்தருக்கு ரிமோட் கார்.